உப்புப் பசி: விலங்குகள் தங்களுக்கு வேண்டிய உப்பை எப்படித் தேடித் தின்கின்றன?

மாடு வளர்ப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. கறவை மாடு ஒன்று திடீரென்று தொழுவத்துச் சுவரை நக்க ஆரம்பிக்கும். பக்கத்தில் நிற்பவரின் வியர்வை ஊறிய துண்டை இழுத்துச் சப்பும். இன்னொரு மாடு மூத்திரம் பெய்த இடத்து மண்ணை முகர்ந்து முகர்ந்து நக்கும். பார்த்தவர் "உப்பு கேக்குது" என்பார். அன்று கழுநீர்த் தொட்டியில் தவிட்டோடும் புண்ணாக்கோடும் ஒரு பிடி கல்லுப்பும் விழும். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

யோசித்துப் பார்த்தால் இது பெரிய வித்தை. மாட்டுக்குச் சோடியம் என்றால் என்னவென்று தெரியாது. ஆனாலும் உடம்பில் எது குறைந்ததோ, அது எந்தப் பொருளில் இருக்கிறதோ, அந்தப் பொருளையே தேடிப் போகிறது. "உடம்புக்கு என்ன வேணுமோ அதை உடம்பே கேட்கும்" என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். இரும்புச்சத்து, வைட்டமின், கால்சியம் என்று பெரும்பாலான சத்துகளில் இந்தப் பேச்சு எடுபடாது. தண்ணீரை விட்டால், இது ஏறக்குறைய அப்படியே பொருந்துவது உப்புக்குத்தான். அது எப்படி என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஏன் உப்பு? நாம் உப்பு என்பது சோடியம் குளோரைடு. அதன் எடையில் சுமார் 40 சதவீதம் சோடியம். உடம்புக்கு முக்கியமாக வேண்டியது அந்தச் சோடியம்தான். ரத்தத்திலும், செல்களைச் சுற்றியுள்ள நீரிலும் அதிகமாகக் கரைந்திருப்பது அதுவே. ரத்தம் போதிய அளவு ஓடவும், நரம்பில் சைகை பாயவும், தசை சுருங்கவும் அது வேண்டும். ஒவ்வொரு நாளும் மூத்திரம், வியர்வை, சாணம், பால் வழியே அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகிறது. பசும்பால் ஒரு லிட்டரில் அரை கிராமுக்குச் சற்றுக் குறைவான சோடியம் இருக்கிறது. தினம் பத்து லிட்டர் கறக்கும் மாடு பாலில் மட்டும் சுமார் பத்துப் பதினோரு கிராம் உப்பைக் கொடுத்துவிடுகிறது என்று கணக்கு வருகிறது. அது திரும்ப எங்கிருந்து வரும்?

புல்லிலிருந்து வராது, அல்லது போதிய அளவு வராது. இங்கேதான் தாவரத்துக்கும் விலங்குக்கும் உள்ள பெரிய வேறுபாடு. பெரும்பாலான நிலத் தாவரங்களுக்குச் சோடியம் தேவையே இல்லை. அவற்றின் வேலை பொட்டாசியத்தில் ஓடிவிடுகிறது. அதனால் இலையிலும் புல்லிலும் பொட்டாசியம் கொட்டிக் கிடக்கும், சோடியம் பெயருக்கு இருக்கும். போதாக்குறைக்கு, உள்ளே போகும் மிகுதியான பொட்டாசியத்தை வெளியேற்றும் வேலையில் கொஞ்சம் சோடியமும் சேர்ந்து கரைந்து போகும். மழைக்குப் பிறகு தளதளவென்று முளைக்கும் இளம்புல்லை வயிறு முட்டத் தின்ற மாடுகூட உப்புக்கு அலைவதற்கு இது ஒரு காரணம்.

புலிக்கு இந்தக் கவலை இல்லை. அது தின்னும் மானின் ரத்தத்திலும் சதையிலும் வேண்டிய சோடியம் அப்படியே இருக்கிறது. மான் கஷ்டப்பட்டுச் சேர்த்ததைப் புலி ஒரே வேளையில் வாங்கிக்கொள்கிறது. காட்டில் வனத்துறை வைக்கும் உப்புக் கட்டிகளைத் தேடி வருபவை மானும் காட்டெருமையும் யானையும்தான். உப்புப் பசி பெரும்பாலும் இலைதழை தின்னிகளின் பசி.

ஆனால் சோடியம் கொஞ்சம் குறைந்ததுமே விலங்கு ஓடிப்போய் உப்பைத் தேடுவதில்லை. முதலில் உடம்பு சிக்கனம் பிடிக்கிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. மூத்திரத்தில் போகவிருந்த சோடியத்தைச் சிறுநீரகம் பிடித்துத் திரும்ப ரத்தத்துக்கு அனுப்புகிறது. அசைபோடும் விலங்குகளிடம் இன்னொரு வழியும் உண்டு. மாடு ஒரு நாளில் நூறு லிட்டருக்கு மேல் எச்சில் சுரக்கும். அதில் ஏராளமான சோடியம் இருக்கும், எல்லாம் விழுங்கப்பட்டுப் பெருவயிற்றில் போய்ச் சேரும். தட்டுப்பாடு வந்தால் எச்சிலில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியத்தைப் போட்டு அனுப்பிவிட்டு, மிச்சமாகும் சோடியத்தை ரத்தத்துக்கு எடுத்துக்கொள்கிறது உடம்பு. மாட்டுக்குச் சோடியம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க எச்சிலில் இந்த இரண்டின் விகிதத்தை அளப்பதுண்டு.

சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மூத்திரத்தில் சோடியமே இல்லை என்ற நிலைக்கு வந்தபின், மேற்கொண்டு மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. வெளியிலிருந்து கொண்டுவந்தால்தான் உண்டு. இதைத்தான் உப்புப் பசி என்கிறோம்.

இந்தப் பசியைச் சோதனைச் சாலையில் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த கர்ட் ரிக்டர். 1936-இல் வெளியான அவருடைய சோதனை எளிமையானது. எலிகளின் அட்ரினல் சுரப்பிகளை அறுவை செய்து எடுத்துவிட்டார். ஆல்டோஸ்டிரோன் போய்விட்டது, சோடியம் ஓட்டைப் பானையில் தண்ணீர்போல மூத்திரத்தில் ஒழுகிவிடும். வழக்கமான தீனியும் தண்ணீரும் மட்டும் கொடுத்தால் அந்த எலிகள் சில நாட்களில் செத்துவிடும். ரிக்டர் கூண்டில் இரண்டு குழாய்கள் வைத்தார். ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் உப்புத் தண்ணீர். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எலிகள் உப்புத் தண்ணீரைக் குடித்த அளவு பலமடங்கு ஏறியது. அவை சாகவில்லை. சிறுநீரகம் விட்ட இடத்தை வாய் பிடித்துக்கொண்டது.

ரிக்டரின் சோதனை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதில் தெரியும் ஒரு மாற்றம். உடம்பின் சமநிலையைக் காப்பது உள்ளுறுப்புகளின் வேலை என்றுதான் நாம் நினைக்கிறோம். எதைத் தின்பது என்று தேர்ந்தெடுப்பதும் அந்த வேலையின் ஒரு பகுதிதான் என்று அவர் காட்டினார். உள்ளே ஒரு குழாயைத் திறப்பதும் மூடுவதும் எப்படியோ, வெளியே இந்தத் தட்டை விட்டு அந்தத் தட்டுக்குப் போவதும் அப்படியே.

எலி போதிய அளவு குடித்தது, சரி. ஆனால் அளந்து குடிக்குமா? இதற்கு ஆஸ்திரேலியாவின் டெரெக் டென்டன் ஆடுகளிடம் விடை தேடினார். மெல்போர்னில் அவரும் கூட்டாளிகளும் செம்மறி ஆடுகளின் காதோரத்து எச்சில் சுரப்பி ஒன்றின் குழாயை வெளியே திருப்பிவிட்டார்கள். விழுங்கப்படவேண்டிய எச்சில் கீழே வடிந்தது, அதோடு சோடியமும் தினந்தோறும் போனது. பிறகு ஆட்டின் முன் தொட்டிகளை வைத்தார்கள்: வெறும் தண்ணீர், சோடியம் உப்புகள் கரைத்தது, பொட்டாசியம் உப்பு கரைத்தது. ஆடுகள் சோடியம் உள்ளதைத்தான் தேர்ந்தன. அதிலும், எவ்வளவு இழந்தனவோ ஏறக்குறைய அவ்வளவு. இழப்பு கூடினால் குடிப்பதும் கூடியது. நாளுக்கு ஒரு சிறு நேரம் மட்டுமே தொட்டியை வைத்தாலும், அந்த நேரத்துக்குள் கடகடவென்று ஒரு நாளைய கணக்கைக் குடித்து முடித்துவிட்டு விலகிப்போயின.

விலகிப்போனதைக் கவனிக்க வேண்டும். குடித்தது குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் சேர நேரமாகும். ஆடு அதுவரை காத்திருக்கவில்லை. வாயும் வயிறும் வழியில் கடந்து சென்ற உப்பை எடைபோட்டு, போதும் என்று மூளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. இல்லாவிட்டால் ரத்தம் சரியாகும்வரை குடித்துக்கொண்டே இருந்து, அளவு மீறி மாட்டிக்கொள்ளும். தண்ணீர் தாகத்திலும் இதே கதைதான். ஒரு சொம்பு குடித்ததும் தாகம் அடங்கிவிடுகிறது, அந்தத் தண்ணீர் இன்னும் ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

கூண்டுக்குள் நடப்பது வெளியேயும் நடக்குமா என்று பார்க்க, டென்டன் குழுவினர் ஆஸ்திரேலியாவின் ஸ்னோயி மலைப்பகுதிக்குப் போனார்கள். கடற்காற்றின் உப்பு அவ்வளவு எட்டாத உயரம். பனி உருகி ஓடும் நீர் மண்ணில் இருக்கும் கொஞ்ச நஞ்சச் சோடியத்தையும் அரித்துக்கொண்டு போய்விடுகிறது. அங்கே மேய்ந்த காட்டு முயல்களின் மூத்திரத்தில் சோடியம் இல்லவே இல்லை என்னும் அளவுக்குக் குறைந்திருந்தது. அட்ரினல் சுரப்பியில் ஆல்டோஸ்டிரோன் சுரக்கும் பகுதி பெருத்திருந்தது. சிக்கனம் முழுவீச்சில் நடந்துகொண்டிருந்தது என்று பொருள்.

ஆய்வாளர்கள் மென்மையான மரக்குச்சிகளை வெவ்வேறு உப்புக் கரைசல்களில் ஊறவைத்து முயல் நடமாடும் இடங்களில் நட்டுவைத்தார்கள். ஒன்றில் சாதாரண உப்பு, ஒன்றில் சமையல் சோடா, ஒன்றில் பொட்டாசியம் குளோரைடு, இன்னொன்றில் மக்னீசியம் குளோரைடு. முயல்கள் சோடியம் ஏறிய குச்சிகளை அடிவரை கொறித்துவிட்டன. மற்றவற்றை ஏறக்குறைய விட்டுவைத்தன. நமக்குச் சமையல் சோடாவும் கல்லுப்பும் ஒரே சுவை அல்ல. முயலோ இரண்டையும் நாடிற்று, ஏனென்றால் இரண்டிலும் சோடியம் இருக்கிறது. இன்னொன்றும் இங்கே சுவாரசியம்: அந்த முயல்கள் அந்த மண்ணுக்குச் சொந்தமே இல்லை. 1859-இல் வேட்டைக்காக இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட முயல்கள் அங்கே பெருகிப் பரவியதை நினைத்தால், அந்த மலையில் உப்புக்கு வழி தேடுவதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுத்தந்த மூதாதை யாரும் அவற்றுக்கு இல்லை.

அப்படியானால் இது கற்றதா, பிறவியிலேயே வந்ததா?

பெரும்பாலான சத்துகளில் விலங்கு கற்றுத்தான் ஆக வேண்டும். தயமின் என்னும் பி1 வைட்டமின் இல்லாத தீனியை எலிக்குக் கொடுத்து அது சோர்ந்ததும், இரண்டு தட்டு வைத்தால் தயமின் உள்ள தட்டுக்கே அது போகிறது. முதலில் இதையும் பிறவி ஞானம் என்றே நினைத்தார்கள். 1960-களில் பால் ரோஸின் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை நுணுக்கிப் பார்த்தார். எலி தயமினை நாடவில்லை. தன்னை நோயில் தள்ளிய பழைய தீனி அதற்கு அலுத்துப்போய், புதிதாக எது கிடைத்தாலும் அதற்குத் தாவியது. அந்தப் புதுத் தீனியில் தயமின் இல்லாவிட்டாலும் முதலில் தாவத்தான் செய்யும். உடம்பு தேறினால் அதிலேயே நிற்கும். முட்டிமோதிக் கற்பது என்பது இதுதான். காலம் பிடிக்கும், தவறும் நேரும்.

உப்பில் இந்தத் தடுமாற்றம் இல்லை. வாழ்நாளில் ஒருமுறைகூடச் சோடியம் குறைந்து பழகாத எலிக்கு முதல்முறையாகக் குறைத்துப் பாருங்கள். உப்பு நாக்கில் பட்ட உடனே மடமடவென்று குடிக்கும். குடித்ததால் உடம்பு தேறியதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள அதற்கு நேரமே இருந்திருக்காது. சுவை பட்டவுடனே "இதுதான்" என்று தெரிந்துவிடுகிறது.

இதைவிட வியப்பான சோதனை 2013-இல் வெளியானது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக் ராபின்சனும் கென்ட் பெரிட்ஜும் செய்தது. எலிக் கூண்டின் சுவரிலிருந்து ஒரு சிறு உலோகத் தண்டு வெளியே நீளும். அது நீண்டதும் எலியின் வாயில் ஒரு குழாய் வழியாகக் கடுமையான உப்புக் கரைசல் பீச்சப்படும். கடல்நீரைப்போல ஏறத்தாழ மும்மடங்கு கரிப்பு. எலிகள் முகம் சுளித்தன, தலையை உதறின. சில முறைக்குப் பிறகு தண்டு நீண்டாலே எதிர்ச் சுவரில் போய் ஒண்டிக்கொண்டன. அப்புறம் ஒருநாள் மருந்து கொடுத்து அவற்றின் உடம்பில் சோடியத்தைக் குறைத்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக. மறுநாள் தண்டு நீண்டது. எலிகள் பாய்ந்து வந்து அந்தத் தண்டை முகர்ந்து கொறித்தன. இத்தனைக்கும் அன்று உப்பு வாயில் படவே இல்லை. அந்த உப்பு "நன்றாக இருக்கிறது" என்று ஒருமுறைகூட அவை உணர்ந்ததில்லை. உடம்பின் நிலை மாறியதும் வெறுப்பின் அடையாளமாக இருந்த தண்டு ஒரே நாளில் ஆசையின் அடையாளமாகிவிட்டது.

என் பார்வையில், உப்புப் பசியைப் புரிந்துகொள்ளத் திறவுகோல் இந்தச் சோதனைதான். "எனக்குச் சோடியம் குறைந்துவிட்டது, எங்கே கிடைக்கும்" என்று விலங்கு கணக்குப் போடவேண்டிய அவசியமே இல்லை. உடம்பு செய்வது ஒன்றுதான்: சுவையின் தீர்ப்பை மாற்றிவிடுகிறது. நேற்று துப்பியது இன்று இனிக்கிறது. இனிப்பதைத் தின்பது எந்த விலங்குக்கும் தெரியும். வேலை முடிந்தது.

இந்த மாற்றம் எந்த வழியாக நடக்கிறது என்பதில் இன்று ஓரளவு தெளிவு இருக்கிறது. சோடியம் குறைந்தால் ரத்தத்தின் அளவு சுருங்கும். சிறுநீரகம் அதை உணர்ந்து ஒரு சங்கிலியைத் தொடங்கிவைக்க, ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் உருவாகிறது. அது அட்ரினல் சுரப்பியைத் தட்டி ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கவைக்கிறது. சிக்கனத்துக்குச் சொன்ன அதே ஹார்மோன்கள்தான் மூளைக்கும் சேதி கொண்டுபோகின்றன. மூளைத்தண்டில் ஆல்டோஸ்டிரோனுக்கென்றே காது கொடுக்கும் ஒரு சிறு நரம்புக் கூட்டம் இருக்கிறது. ஆஞ்சியோடென்சினைக் கேட்கும் பகுதிகள் மூளையின் வேறு மூலையில் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் பசி பலமடங்கு ஏறும். ரிக்டரின் எலிகளுக்கு ஆல்டோஸ்டிரோன் இல்லாமலே பசி வந்தது ஏன் என்ற சந்தேகம் இங்கே எழலாம். அவற்றிடம் ஆஞ்சியோடென்சின் ஏராளமாக இருந்தது, ஒரு வழி அடைத்தாலும் மற்ற வழி திறந்தே இருக்கும். எலியில் தாகம் சீக்கிரம் வந்துவிடும். உப்புப் பசி சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள்வரை தாமதித்துத்தான் வரும், ஏனென்றால் ஹார்மோன்கள் மூளையில் வேலையைக் காட்ட நேரம் எடுக்கிறது.

நாக்கின் பக்கம் வந்தால், சுவை மொட்டுகளில் சோடியத்தை மட்டும் உள்ளே விடும் ஒரு நுண்வாசல் இருக்கிறது. எலி இனங்களில் நல்ல கரிப்பை உணர்த்துவது அதுதான் என்று 2010-இல் உறுதியானது. சோடியத்தை மூத்திரத்திலிருந்து மீட்க அதே வகை வாசலைத்தான் சிறுநீரகமும் பயன்படுத்துகிறது. கரிப்பு ஓர் அளவைத் தாண்டினால் கசப்பையும் புளிப்பையும் உணரும் செல்களும் விழித்துக்கொள்ளும், அப்போது முகம் சுளிக்கும். அதாவது உப்புக்கு நாக்கில் இரண்டு கம்பிகள் இழுக்கப்பட்டிருக்கின்றன, ஒன்று வா என்கிறது, மற்றொன்று போ என்கிறது. உடம்பின் நிலைக்கேற்ப எந்தக் குரல் ஓங்கும் என்பதை மூளை தீர்மானிக்கிறது.

காட்டிலே யாரும் தட்டில் உப்பு வைப்பதில்லை. உணவுக்குள்ளேயே தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கு நான் சொல்ல விரும்பும் நல்ல உதாரணம் மூஸ் என்னும் ராட்சத மான். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்குள் ஐல் ராயல் என்று ஒரு தீவு. சுற்றிலும் நன்னீர், கடல் எங்கோ தூரத்தில். தீவின் மரஇலைகளில் சோடியம் மிகக் குறைவு. ஆனால் ஏரியோரத்திலும் குட்டைகளிலும் தண்ணீருக்குள் வளரும் செடிகளில் பலமடங்கு, சிலவற்றில் நூற்றுக்கணக்கான மடங்குகூட அதிகம். கோடையில் மூஸ்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, தலையை முக்கி முக்கிச் செடிகளைப் பறித்துத் தின்கின்றன.

அப்படியென்றால் நாள் முழுக்கத் தண்ணீர்ச் செடியையே தின்னலாமே? முடியாது. அந்தச் செடிகளில் பாதிக்கு மேல், பெரும்பகுதி தண்ணீர்தான். பெருவயிறு நிரம்பிவிடும், சத்து மிஞ்சாது. கரையில் இருக்கும் இலையிலோ சத்து இருக்கும், சோடியம் இருக்காது. 1970-களில் கேரி பெலோவ்ஸ்கி என்ற சூழலியலாளர் இதை ஒரு கணக்காகப் போட்டார். பெருவயிற்றின் கொள்ளளவு இவ்வளவு, மேய நேரம் இவ்வளவு, ஒரு நாளுக்கு இரண்டரை கிராம் அளவுக்குச் சோடியம் வேண்டும், மீதி எல்லாம் சத்துக்கு. இந்த எல்லைகளுக்குள் அதிகச் சத்துக் கிடைக்கும்படி எதை எவ்வளவு தின்ன வேண்டும் என்று காகிதத்தில் கணக்கிட்டால் வந்த விடையும், மூஸ்கள் உண்மையில் தின்றதும் ஏறக்குறைய ஒத்துப்போயின. குளத்தில் இறங்குவது சும்மா ருசிக்காக அல்ல. சோடியக் கணக்கை அடைக்கும் அளவுக்கு இறங்கிவிட்டு மீதி வயிற்றைக் கரையில் நிரப்புகின்றன. குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும். கோடையில் சேர்த்து உடம்பில் வைத்திருப்பதைக்கொண்டுதான் அந்த மாதங்களைத் தள்ளியாக வேண்டும்.

உகாண்டாவின் பிவிண்டி காட்டு மலைக் கொரில்லாக்கள் வேறொரு வழி கண்டிருக்கின்றன. அவை மக்கிப்போன மரக்கட்டைகளைச் சப்பும், கடித்து மெல்லும், அதே கட்டைக்குத் திரும்பத் திரும்ப வரும். பார்க்க ஏதோ கெட்ட பழக்கம்போல இருக்கும். 2006-இல் வெளியான ஆய்வில் உணவுகளை எல்லாம் பரிசோதித்தபோது, தின்பதன் எடையில் நாலு சதவீதத்துக்கும் குறைவான அந்தக் கட்டையிலிருந்துதான் அவற்றுக்குக் கிடைக்கும் சோடியத்தில் 95 சதவீதத்துக்கு மேல் வருகிறது என்று தெரிந்தது. கென்யாவின் எல்கான் மலையில் யானைகள் இருட்டுக் குகைக்குள் தடவித் தடவி நடந்துபோய், தந்தத்தால் சுவரைப் பெயர்த்து உப்புப் பாறையைத் தின்பதும் இதே தேவைக்குத்தான்.

பூச்சிகளிடமும் இது உண்டு. கடலிலிருந்து கிளம்பும் உப்பு மழையோடு நிலத்தில் இறங்குகிறது. உள்நாட்டுக்குப் போகப் போக அது குறையும். மைக்கேல் கஸ்பாரியும் கூட்டாளிகளும் அமெரிக்கக் கண்டங்களில் கடலிலிருந்து 4 கிலோமீட்டர் தொடங்கி 2757 கிலோமீட்டர் வரை உள்ள 17 எறும்புச் சமூகங்களின் முன் சர்க்கரைத் தண்ணீரையும் உப்புத் தண்ணீரையும் வைத்துப் பார்த்தார்கள். 2008-இல் வெளியான முடிவு: கடலைவிட்டுத் தள்ளிப் போகப் போக எறும்புகள் உப்பை அதிகம் நாடின. வேட்டையாடித் தின்னும் எறும்புகளைவிடத் தாவர உணவை நம்பும் எறும்புகள் அதிகம் நாடின. புலிக்கும் மானுக்கும் சொன்ன அதே வேறுபாடு.

மழைக்குப் பிறகு ஈர மண்ணில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சும் வண்ணத்துப்பூச்சிகளை எல்லோரும் பார்த்திருப்போம். அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஸ்மெட்லியும் தாமஸ் ஐஸ்னரும் குளூஃபிசியா என்ற அந்துப்பூச்சியின் ஆணைக் கவனித்தார்கள். அது சேற்று நீரை மணிக்கணக்கில் குடித்துக்கொண்டே பின்புறமாகப் பீச்சிக்கொண்டே இருக்கும். தன் எடையைப்போல 600 மடங்குவரை தண்ணீர் உடம்பு வழியே ஓடிவிடும், சோடியம் மட்டும் உள்ளே தங்கும். இவ்வளவும் தனக்காக அல்ல. புணரும்போது அந்தச் சோடியத்தைப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுகிறது, பெண் அதை முட்டைகளுக்குள் வைக்கிறது. பிறக்கப்போகும் புழுக்கள் தின்னும் இலையில் சோடியம் கிடைக்காது என்பதால், தகப்பன் கொடுத்ததே கைமுதல்.

இத்தனையும் படித்துவிட்டு, தொழுவத்தில் ஒரு தாது உப்புக் கட்டியைக் கட்டித் தொங்கவிட்டால் மாடு தனக்கு வேண்டிய எல்லாத் தாதுக்களையும் அளந்து நக்கிக்கொள்ளும் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பலரும் செய்யும் தப்பு இது. மாடு கட்டியை நக்குவது பெரும்பாலும் அதிலுள்ள உப்புக்காக. உப்புத் தேவை தீர்ந்ததும் நிறுத்திவிடும். துத்தநாகமோ தாமிரமோ குறைந்திருக்கிறது என்று நாக்குக்கு யாரும் சொல்வதில்லை. அதனால்தான் கால்நடை மருத்துவர்கள் தாது உப்புக் கலவையை அடர்தீவனத்தில் அளந்து கலக்கச் சொல்கிறார்கள், வழக்கமாக 100 கிலோவுக்கு 2 கிலோ, சாதா உப்பு 1 கிலோ. சில நாடுகளில் மேய்ச்சல்காரர்கள் இதைத் தலைகீழாகவும் பயன்படுத்துகிறார்கள். தீவனத்தை மாடுகள் ஒரேயடியாகத் தின்று தீர்க்காமலிருக்க அதில் உப்பை அதிகமாகக் கலந்துவிடுவார்கள். போ என்று சொல்லும் கம்பி தன் வேலையைச் செய்யும். எப்படிக் கொடுத்தாலும் பக்கத்தில் தண்ணீர் தாராளமாக இருக்க வேண்டும். தண்ணீர் கிடைக்காத விலங்குக்கு அதிக உப்பு விஷம், கோழியும் பன்றியும் இதில் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும்.

சுவரை நக்குவதெல்லாம் உப்புக் குறைவும் அல்ல. எலும்பைக் கடிப்பது, துணியைத் தின்பது போன்றவை பாஸ்பரஸ் குறைவால் வரலாம், வயிற்றுப் புழுவாலும் வரலாம். உப்பு போட்டும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

மனிதர்களான நாம்? நமக்கு ஊறுகாய் மேல் வரும் ஆசையை உப்புப் பசி என்று சொல்வதற்கில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு போதும் என்கிறது. நம்மில் பெரும்பாலோர் அதைத் தாண்டித் தின்கிறோம், குறைவு என்ற பேச்சே இல்லை. பழகிய ருசி அது. உப்பைக் குறைத்துச் சாப்பிட ஆரம்பித்தால் முதலில் எல்லாம் சப்பென்றிருக்கும். சில வாரம், சில மாதம் போனால் நாக்கு குறைந்த உப்புக்கே பழகிவிடும், பழைய அளவு கரிக்கும்.

ஆனால் அந்தப் பழைய பசி நம்மிடமிருந்து முழுக்கப் போய்விடவும் இல்லை. 1940-இல் ரிக்டரும் குழந்தை மருத்துவர் லாசன் வில்கின்ஸும் மூன்றரை வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார்கள். ஒரு வயது வாக்கிலேயே அவன் பிஸ்கட்டின் மேலிருக்கும் உப்பை மட்டும் நக்கிவிட்டு, பிஸ்கட்டைப் போட்டுவிடுவான். பிறகு உப்பையே அள்ளித் தின்ன ஆரம்பித்தான். அவன் பேசக் கற்ற முதல் சில வார்த்தைகளில் உப்பும் ஒன்று. வேறொரு காரணத்துக்காக அவனை மருத்துவமனையில் சேர்த்தபோது, எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்கும் சாப்பாடே அவனுக்கும் கிடைத்தது. அள்ளித் தின்ன உப்பு இல்லை. ஏழு நாளில் இறந்துவிட்டான். பரிசோதித்தபோதுதான் அட்ரினல் சுரப்பிகள் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. அதுவரை அவனைப் பிழைக்கவைத்தது அந்த உப்புதான்.

இன்று அட்ரினல் குறைபாட்டுக்கு, இல்லாத ஹார்மோனை ஈடுகட்டும் மாத்திரைகள் இருக்கின்றன. காரணம் தெரியாத சோர்வு, எடை குறைவு, எழுந்து நின்றால் தலைசுற்றல், தோல் கறுத்துப்போவது என்று ஒருவர் வந்தால், உப்பு மேல் புதிதாக ஆசை வந்திருக்கிறதா என்பதும் மருத்துவர் கேட்கும் கேள்விகளில் ஒன்று. அப்படி இருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும்.